கனம் போதாது

பெப்ரவரி 3, திங்கள்

பூச்சிக் கம்பெனியில் இன்றிலிருந்து நான் செக்கிங் மேசை. நாற்காலிக்கு முதுகு இருக்கிறது. அதைத் தவிர உயர்வு என்று சொல்ல ஒன்றுமில்லை.

வாசல் போர்டில் ஆங்கிலத்தில் வேறு பெயர். தோட்டத்து ஆட்களுக்கு இது பூச்சிக் கம்பெனிதான். கொக்கியில் நூலும் இறகும் முயல் முடியும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். அங்கே அதைத் தூண்டிலில் கட்டி ட்ரவுட் என்ற மீனைப் பிடிக்கிறார்களாம். பிடித்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்களாம். தின்பதற்கில்லாமல் மீன் பிடிக்கிறவனுக்கு வயிறு எவ்வளவு நிறைந்திருக்க வேண்டும்!

ஆற்றில் கல்லுக்கடியில் இறக்கை முளைக்காத பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். ட்ரவுட் பெரும்பாலும் அதைத்தான் தின்னும். அதனால் நாங்கள் கட்டுவதும் அடிவரை இறங்க வேண்டும். கொக்கியின் தண்டில் ஈயக் கம்பியைச் சுற்றி, மேலே மயில் இறகாலும் முடியாலும் மூடிவிடுவோம். கனப்பூச்சி என்று எங்களுக்குள் பெயர். என் அண்ணி புஸ்பலதா கனப்பூச்சி மேசையில் இருக்கிறார். அண்ணன் கொழும்பில் இரும்புக் கடையில் வேலை செய்கிறான், மாதம் ஒரு தடவை வருவான். மற்ற நாளெல்லாம் தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில் அம்மா, அண்ணி, நான்.

அண்ணி கட்டிய பூச்சியை உள்ளங்கையில் வைத்தால் உதறத் தோன்றும். அவ்வளவு உயிர். ஈயத்தைச் சுற்றி முடித்ததும் குனிந்து பல்லால் கடித்துத் துண்டாக்குவார். அந்த மேசையில் எல்லாருமே அப்படித்தான். கட்டரை எடுத்து, வெட்டி, வைத்து, மறுபடி நூலைப் பிடிப்பதற்குள் அடுத்த பூச்சி பாதி முடிந்துவிடும். ஒரு நாளைக்கு இத்தனை பூச்சி என்று டாகட் போட்டவர்கள் எங்கள் பல்லையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

என் மேசையில் ஒரு கண்ணாடிச் சாடியில் தண்ணீர். சந்தேகம் வந்தால் பூச்சியைப் போட்டு எப்படி இறங்குகிறது என்று பார்க்கலாம். சரியில்லாதது ரிஜெக்ட் டப்பாவுக்கு. சனிக்கிழமை டப்பா மேனேஜர் லயனல் சாரிடம் போகும். விற்க முடியாத பூச்சிகளைக் கொண்டு அவர் ஞாயிற்றுக்கிழமை மேலாற்றில் மீன் பிடிப்பார்.

பெப்ரவரி 6, வியாழன்

காலையில் தண்ணீர்ப் பீலிக்குப் பின்னால் அண்ணி வாந்தி எடுத்தார். கேட்டதற்கு ராத்திரி தின்ற மரவள்ளிக் கிழங்கு என்றார். ராத்திரி நாங்கள் தின்றது ரொட்டி.

பெப்ரவரி 10, திங்கள்

கொடியில் அண்ணியின் அந்த மூன்று நாள் துணி இந்த மாதமும் தொங்கவில்லை. போன மாதமும் இல்லை.

நான் ஒன்றும் எழுதவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை நடந்தது. இரண்டாம் தடவை அம்மா சந்தோசத்தில் பாயாசம் காய்ச்சி லயம் முழுக்கக் கொடுத்தார். பிறகு எல்லா வீட்டிலிருந்தும் கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்த நேரத்தில் அண்ணி ஆஸ்பத்திரியில் கிடந்தார். வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னார். "இனிமே என் வயித்தப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நானே சொல்ற வரைக்கும்."

கண் படும், நாக்குப் படும் என்பதையெல்லாம் நான் நம்புவதில்லை. ஆனாலும் எழுதவில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

புது ஓடர். ஈயமே கூடாதாம். இந்த ஓடருக்கு மட்டும் ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் மணி, மற்றதுக்கெல்லாம் பழையபடி ஈயம்தான். ஏன் என்று ஜெசிந்தா அக்கா கேட்டார். கனப்பூச்சி மேசையின் வாய் அவர்தான்.

லயனல் சார் தேயிலை ஆலை டீமேக்கரின் மகன், தோட்டத்தில் வளர்ந்தவர். எங்களைப் போலவே பேசுவார். "அந்த நாட்டு ஆத்துல அன்னம் இருக்கு. அடியில கெடக்குற ஈயத்த முழுங்கிட்டுச் செத்துப் போவுதாம். அதனால அங்கெல்லாம் கட்டுப்பாடு."

"நாங்க தெனமும் கடிக்கிறோமே சார்?"

"நீங்க முழுங்குறதில்லையே."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார், பல்லில் சாம்பல் நிறத்தில் கோடு தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பகல் இடைவேளையில் ஸ்டோருக்குப் போய் ஈயச் சுருள் வரும் அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். பக்கவாட்டில் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. யார் யார் தொடக்கூடாது என்று போட்டிருக்கிறது. முதலில் சின்னப் பிள்ளைகள். இரண்டாவதாகப் போட்டிருப்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பெட்டியை ஸ்டோரிலேயே பிரித்துவிட்டுச் சுருளை மட்டும்தான் மேசைக்கு அனுப்புகிறார்கள்.

பெப்ரவரி 16, ஞாயிறு

விறகு பொறுக்கப் போனபோது மெதுவாக ஆரம்பித்தேன்.

"அண்ணி, இனிமே ஈயத்தைப் பல்லால கடிக்காதீங்க. அது நஞ்சு."

"தேயிலைக்கு அடிக்கிற மருந்தும் நஞ்சுதான். உங்கம்மா முப்பது வருசமா அதுக்குள்ளதான் நிக்கிறாங்க."

"மேசையையாவது மாத்திக் கேளுங்களேன்."

"ஏன்னு கேப்பாங்க." விறகைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "நான் என்னா சொல்றது? நீயே சொல்லு."

ஜெசிந்தா அக்காவின் தங்கச்சிக்கு வயிறு தெரிய ஆரம்பித்த மாதம் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. போ என்று யாரும் சொல்லவில்லை. புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். அண்ணியின் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. செக்கிங் மேசைக்காரர்கள் மட்டும்தான் நிரந்தரம்.

பெரிய கட்டை நான் தூக்கிக்கொண்டேன். "என்னாடி திடீர்னு பாசம்?" என்றார்.

பெப்ரவரி 18, செவ்வாய்

யோசித்து முடித்துவிட்டேன்.

தொடர்ந்து ரிஜெக்ட் வாங்குகிறவர்களைக் கனப்பூச்சியிலிருந்து எடுத்து இறகு பிரிக்கும் மேசையில் போடுவார்கள். அவமானம்தான். ஆனால் இறகில் ஈயம் இல்லை.

இன்று அண்ணியின் தட்டிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ரிஜெக்ட் டப்பாவில் போட்டேன். சீட்டில் காரணம் எழுத வேண்டும். தலை பெரிது, வால் கோணல் என்று எழுதினால் திருத்தச் சொல்வார்கள். ஈயத்தில் கை சரியில்லை என்றால்தான் மேசை மாற்றுவார்கள். அதனால் "கனம் போதாது" என்று எழுதினேன்.

அண்ணி சீட்டை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்து அடுத்த பூச்சிக்கு ஈயம் சுற்றினார், ஒரு சுற்றுக் கூடுதலாக. கடித்தார்.

நான் நினைத்தது இது இல்லை.

பெப்ரவரி 21, வெள்ளி

கனம் போதாது.

பெப்ரவரி 25, செவ்வாய்

கனம் போதாது. கனம் போதாது.

ஜெசிந்தா அக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "டீவி நாடகத்துல வர்ற நாத்தனாவெல்லாம் நம்ம தர்சினிகிட்ட டியூசன் எடுக்கணும்" என்றார். மேசை முழுக்கச் சிரிப்பு. அண்ணி மட்டும், "வேலையப் பாருங்கக்கா" என்றார். என்னை யாராவது பேசினால் இப்போதும் அவருக்குப் பொறுக்கவில்லை. அது வேறு என்னைக் கொல்கிறது.

பகல் சாப்பாடு அண்ணி கட்டித் தருவது. எனக்கு மட்டும் ரொட்டியில் தேங்காய்ப்பூ கூடப் போடுவார், சின்ன வயதில் எனக்கு அது பிடிக்கும் என்று அம்மா சொல்லிவைத்ததால். இன்று ரொட்டியில் தேங்காய் இருந்தது. உப்பு இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார். முழுவதையும் சாப்பிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

அம்மாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. கொழுந்துக் கூடையை இறக்கக்கூட இல்லை.

"ஏன்டி, அடுத்த வீட்டுப் புள்ள. அவ கண்ணுல தண்ணி வர வச்சிட்டு நீ நல்லாருப்பியா?"

"வேலைன்னா வேலைதான்மா."

"பெரிய தொரைச்சாணி! முதுகு வச்ச நாக்காலி கெடச்சதும் கொழுப்பு ஏறிப் போச்சு."

அண்ணி உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெங்காய வாடை வந்ததும் எழுந்து பின்பக்கம் ஓடினார். அம்மா என்னைப் பார்த்து, "பாரு, அழுறதுக்கு ஓடுறா" என்றார். அம்மா ஏழு பிள்ளை பெற்றவர். எப்படித்தான் தெரியாமல் இருக்கிறதோ. அல்லது அவரும் என்னைப் போலத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாரோ.

வெங்காயத்தை நான் உரித்தேன்.

மார்ச் 13, வியாழன். பௌர்ணமி, போயா லீவு

அண்ணன் வந்திருந்தான். "உங்க ரெண்டு பேருக்கும் என்னா சண்டை?" என்றான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஒண்ணுமில்ல" என்றோம். அவனுக்குப் பயம் வந்துவிட்டது. மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டான்.

மார்ச் 17, திங்கள்

நாசமாய்ப் போனேன்.

லயனல் சார் கூப்பிட்டார். "புஸ்பலதா நல்ல கைதானே, என்னா ஆச்சு? எறகு மேசையில எடமில்ல. ஏப்ரல்ல அவ ஒப்பந்தத்தப் புதுப்பிக்க முடியாது போலிருக்கு."

இறகு மேசையில் இடமில்லாமல் போகலாம் என்று நான் யோசிக்கவே இல்லை. ஈயத்திலிருந்து எடுக்கப் போய் வேலையிலிருந்தே எடுத்துவிட்டேன். அண்ணியின் சம்பளம் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்வர பஸ் காசுக்குக்கூட அண்ணன் கையைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் இந்த நேரத்தில்.

"இந்தக் கெழமை சரியாத்தான் கட்டுறாங்க சார்" என்றேன்.

மார்ச் 24, திங்கள்

லயனல் சார் ரிஜெக்ட் டப்பாவோடு நேராக என் மேசைக்கு வந்தார்.

"தர்சினி, நேத்து நான் எத்தன மீன் புடிச்சேன் தெரியுமா? எண்ண முடியல. இத்தன வருசமா அந்த ஆத்துக்குப் போறேன், இப்பிடி ஒரு நாள் கெடச்சதில்ல."

"சந்தோசம் சார்."

"எல்லாம் இந்த டப்பாப் பூச்சி. கனம் போதாதுன்னு நீ எழுதினது." அண்ணியின் பூச்சி ஒன்றை எடுத்து என் சாடியில் போட்டார். தலைகீழாக, சுழலாமல், கல் போல அடிக்குப் போய் நின்றது. "ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் ஆத்துக்கு வாங்க. அங்க வச்சு என்னா கொறைன்னு எனக்குக் காட்டு."

பொய் சொல்ல எத்தனையோ இடம் இருந்தது. ஆறு சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரே பொய்யை நான் தேடி எழுதியிருக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

லயனல் சாரின் வேனில் மேலாற்றுக்குப் போனோம். அண்ணி முன் சீட், நான் பின் சீட்.

ஆறு என்று சொன்னாலும் அகலம் எங்கள் லயத்து வாசல் அளவுதான். பைனஸ் மரக் காட்டுக்கு மேலே, புல்வெளிக்கு நடுவே, தேயிலைச் சாயம் போன்ற தண்ணீர். உள்ளே இருக்கும் ட்ரவுட் வெள்ளைக்காரன் கப்பலில் முட்டையாகக் கொண்டுவந்து விட்டது. எங்களையும் அவன்தான் கப்பலேற்றிக் கொண்டுவந்தான். மீனைத் தொடக்கூட பெர்மிட் வேண்டும், அவ்வளவு பாதுகாப்பு. எங்களுக்கு இன்னும் படுக்கிற அறைக்கு ஒரு காணி உறுதிப் பத்திரம் கிடையாது. இதை லயனல் சாரிடம் சொன்னேன். "அது சரிதான். இப்ப கம்பைப் புடி" என்றார்.

அண்ணியின் பூச்சியைத் தூண்டில் நரம்பின் நுனியில் கட்டிக் கொடுத்தார். கொஞ்சம் மேலே, மிதந்து அடையாளம் காட்ட, ஆரஞ்சுக் கம்பளித் துணுக்கு. "மேல்பக்கமா எறி. கம்பைத் தூக்கிப் புடி. தண்ணியே கொண்டு வரும். பூச்சி அடியில கல்லு கல்லாத் தட்டிக்கிட்டு வரணும். தட்டலைன்னா கனம் போதாது. தட்டுனா நீ பொய் சொல்ற."

எறிந்தேன். முதல் தடவை புல்லில் மாட்டியது. இரண்டாவது என் பாவாடையில். அண்ணி கரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது தண்ணீரில் விழுந்தது. கம்பளித் துணுக்கு நகர்ந்து வந்தது, விரல் நுனியில் டக், டக் என்று வந்தது. நான் பார்த்தறியாத அடித்தரையை அண்ணியின் பூச்சி தொட்டுத் தொட்டு எனக்குச் சொன்னது.

"தட்டுது சார்."

"கல்லு தட்டுறது செத்த தட்டு. மீனு தட்டுனா அதுல உசுரு இருக்கும். ரெண்டும் வேற. வெரலுக்குத் தெரியும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே துணுக்கு நின்றது. கையில் ஏதோ உதறியது. கம்பைத் தூக்கினேன், கம்பு வளைந்தது, நான் கத்தினேன், அண்ணி எழுந்து நின்று, "விடாதடி தர்சி, விடாத!" என்று கத்தினார். ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக என் பெயரைச் சொன்னார்.

ஒரு சாண் நீளம். பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு, மேலெல்லாம் கரும்புள்ளி. கையை நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும், இல்லாவிட்டால் மீன் மேல் இருக்கும் வழுவழுப்புப் போய் நோய் வருமாம். நனைத்துக்கொண்டு, கொக்கியைக் கழற்றி, தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்தேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு என் கையிலிருந்து தானே போனது. அன்னத்துக்குக் கட்டுப்பாடு, மீனுக்கு ஈரக் கை. கோபப்பட நினைத்தேன். உள்ளங்கை குளிர்ந்து கிடந்தது, கோபம் சரியாக வரவில்லை.

"இப்ப சொல்லு. ஏன் அப்பிடி எழுதுன?"

உண்மையைச் சொன்னால் அண்ணி யாரிடமும் சொல்லாததை மேனேஜரிடம் நான் சொன்னதாகும். ஏப்ரலோடு வேலையும் போகும். ஊரே எனக்காக ஒரு காரணம் தயாராக வைத்திருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன்.

"எனக்கு அவங்களப் புடிக்காது சார். வேணும்னுதான் போட்டேன்."

"புடிக்காதா? ஏன்?"

"எங்கண்ணன எங்ககிட்ட இருந்து பிரிச்சிட்டாங்க."

"அவன் கொழும்புல இல்ல இருக்கான்?"

"அதான் சார். அவ்வளவு தூரம் பிரிச்சிட்டாங்க."

லயனல் சார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லும்போது நான் இடது காதைப் பிடிப்பேன் என்று அண்ணி கேலி செய்வதுண்டு. கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். இடது காதில் இருந்தது.

திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவில் அண்ணி வேனை நிறுத்தச் சொன்னார். ஓடிப் போய் ஓரத்தில் குனிந்தார். நான் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். பழைய பழக்கம்.

"வேன் ஒத்துக்கல சார்" என்றார் அண்ணி.

லயனல் சார் தண்ணீர் போத்தலை நீட்டினார். எங்கள் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "என் பொஞ்சாதிக்கும் இந்த ரோடு ஒத்துக்காமதான் இருந்துச்சு. மகன் பொறக்குற வரைக்கும்" என்றார். ரோட்டுக்கும் மகனுக்கும் என்ன சம்பந்தமோ. அதன் பிறகு மெதுவாக ஓட்டினார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

எல்லாருக்கும் முன்னால் லயனல் சார் என்னைத் திட்டினார். வீட்டுச் சண்டையைக் கம்பெனிக்குக் கொண்டுவருகிறவளுக்குச் செக்கிங் மேசை இல்லை. தர்சினி கனப்பூச்சிக்குப் போக வேண்டும். அவள் இடத்தில் புஸ்பலதா. இன்றிலிருந்தே நிரந்தரம்.

ஜெசிந்தா அக்கா கைதட்டினார். மேசை முழுக்கத் தட்டியது. நானும் தட்டப் போய், நிறுத்திக்கொண்டேன்.

அண்ணி முதுகு வைத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சாய்ந்துகொண்டார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் முதல் பூச்சி கோணிப்போனது.

ஏப்ரல் 4, வெள்ளி

லயனல் சார் நல்ல மனிதர்தான். அதனால் எனக்குக் கோபம் கூடுகிறது. ஒருத்தர் கண்டும் காணாததுமாக இருந்ததால் ஒருத்தி தப்பினால் அது நியாயம் இல்லை, அதிர்ஷ்டம். ஜெசிந்தா அக்காவின் தங்கச்சிக்கு அந்த வளைவு வாய்க்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புதுப் பெண்ணுக்குப் போன மாதம்தான் கல்யாணம். அவளும் கடிக்கிறாள்.

ஈயத்துக்கு ஒரு ருசி இருக்கிறது. லேசாக இனிக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் கொடுத்த தட்டு அப்படியே திரும்பி வந்தது. ஒரு பூச்சிகூடத் தேறவில்லை. சீட்டில் அண்ணியின் குண்டு எழுத்து: தலை பெரிது. வால் கோணல். உடம்பு ஊதிக் கிடக்கிறது. எல்லாம் உண்மை.

"அப்பிடிப் போடு! அண்ணி பழி வாங்குறா" என்றார் ஜெசிந்தா அக்கா.

சீட்டுக்கு அடியில் ஒரு நகவெட்டி. கழுத்தில் மாட்டுகிற மாதிரி சிவப்பு நூல் கட்டியிருந்தது. சீட்டின் பின்பக்கம் இன்னொரு வரி: பல்லால கடிச்ச பூச்சி என் மேசைக்கு வரக்கூடாது.

தலையைத் தூக்கினேன். அண்ணி சாடிக்குள் எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

நகவெட்டி கழுத்தில் தொங்கினால் கட்டரைப் போல எடுத்து வைக்கிற வேலை இல்லை. புதுப் பெண்ணும் ஒன்று மாட்டிக்கொண்டாள். ஜெசிந்தா அக்கா தன் மகளுடையதைக் கொண்டுவந்தார். "என்னாடி, எல்லாரும் மணி கட்டுன மாடு மாதிரி" என்றார், மாட்டிக்கொண்டே.

ஸ்டோரிலிருந்து அந்த அட்டைப் பெட்டியின் பக்கத்தைக் கிழித்து வந்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கைகழுவும் இடத்தில் ஒட்டினேன். இரண்டாவது சொல்லையும் எழுதினேன். அங்கே எழுதலாம். லயனல் சார் வந்து படித்தார். கிழிக்கவில்லை. சவர்க்காரம் வைக்கச் சொன்னார். மேலிடம் என்ன சொல்லுமோ. சொல்லட்டும், நானும் சொல்ல நிறைய வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று என் தட்டில் பாதி தேறியது. ரொட்டியில் உப்பு இருந்தது.

மே 12, திங்கள். வெசாக்

லீவு. கீழே டவுனில் விளக்குக் கூடு கட்டுகிறார்கள். அம்மா பார்க்கப் போயிருக்கிறார். வீட்டில் அண்ணியும் நானும்.

ரொட்டிக்கு மா பிசையப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பீலிக்குப் போனார். "நகத்துக்குள்ள பாரு, ஈயம். இந்தக் கையோடயா சோத்துல கைய வைப்ப?" சவர்க்காரம் போட்டு, தேங்காய்த் தும்பால் ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். வலித்தது.

"அண்ணி, அன்னைக்கு ஆத்துல நான் சொன்னது..."

"காதப் புடிச்சிக்கிட்டுத்தானே சொன்ன. வாய மூடு." தண்ணீர் விட்டுக் கழுவினார். "பொட்டியில என்னா எழுதியிருக்குன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அண்ணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "இப்ப சொல்றேன், இரு" என்றார்.

வாயால் சொல்லவில்லை. என் ஈரக் கையை எடுத்துக்கொண்டுபோய் எங்கே வைத்தார் என்று நான் எழுதப் போவதில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பீலியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். அப்புறம் டக் என்று ஒன்று. நின்று, மறுபடியும்.

கல் இல்லை. விரலுக்குத் தெரிந்தது.